அக்காவுக்குப் பொருந்தாதவள்

காளவாசலில் என்னையும் அக்காவையும் மாற்றிப் பார்க்காதவர்கள் குறைவு. அவள் ஆபீஸ் பியூன் ஒருமுறை என்னை பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, "நாளைக்கு லீவுன்னீங்களே மேடம், அந்த ஃபைல எங்க வச்சீங்க?" என்று கேட்டார். நான் அவள் இல்லை என்று சொல்லவில்லை. "பீரோ மேல்தட்டுல பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அக்காவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபைல் உண்மையிலேயே மேல்தட்டில்தான் இருந்ததாம்.

ஒரே மூக்கு, முன்பல்லுக்கு நடுவே ஒரே சந்து, ஒரே நடை. அவளுக்கும் எனக்கும் இரண்டு வயசுதான் வித்தியாசம். அவள் ரவிக்கையை ஒரு தையல்கூடப் பிரிக்காமல் நான் போட்டுக்கொள்வேன். அவள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் தினம் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிடுவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பசுமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராக இருந்தேன். அப்பா இறந்த பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். எனக்கென்று இருந்தவள் அக்கா ஒருத்தி. அவளைப் போலவே நான் இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது.

எங்களுக்கு ஒரு தங்கச்சியும் உண்டு. அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, டி. கல்லுப்பட்டியில் பதினோரு வருஷமாகப் பிள்ளை இல்லாமல் இருந்தாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்து இரண்டு வயசானபோது அம்மா அவளைச் சித்திக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு அப்போது ஏழு வயசு. தங்கச்சி சித்தியை "அம்மா" என்றும், பெற்றவளைப் "பெரியம்மா" என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். சித்திரைத் திருவிழாவுக்கு வருவார்கள். நாலு நாள் இருப்பார்கள். வட்ட முகம், அப்பா வழிக் கறுப்பு. எங்கள் இருவரின் சாயல் துளிகூடக் கிடையாது. வந்த நாளெல்லாம் அக்கா அவளுக்குத்தான் முதலில் தலை பின்னி விடுவாள். "அது நாலு நாள் இருக்கிற புள்ளடி" என்பாள். நான் அவிழ்த்த தலையோடு வாசற்படியில் உட்கார்ந்து, அந்த நாலு நாள் எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு முப்பத்தாறு வயசிருக்கும்போது கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் செருப்புத்தான் சரியில்லை என்றாள். பிறகு முகம் ஊதியது, சாப்பிட்டதெல்லாம் வாந்தியானது, ஆபீஸில் தட்டச்சு மிஷின் முன்னாலேயே ஒருநாள் சரிந்துவிட்டாள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். வயிற்றில் குழாய் போட்டு, மருந்து நீரை உள்ளே விட்டு வெளியே எடுப்பார்கள். அதற்காகப் பத்து நாளைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். உப்பு கூடாது, தக்காளி கூடாது, தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் குடிக்க வேண்டும். இது எத்தனை நாள் தாங்கும் என்று அத்தான் கேட்டபோது டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. "கூடப் பொறந்தவங்க யாராவது ஒரு கிட்னி குடுத்தா நல்லது. மெட்ராஸ்ல செய்றாங்க" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் "இருக்கேன்" என்றேன். எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, குறுக்கே நிற்க ஒருவரும் இல்லை. ரத்த வகையும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான், பி பாசிட்டிவ். அக்கா படுக்கையில் இருந்தபடி என் கையைப் பிடித்து, "ஒன்னோடது எனக்கு அப்படியே உக்காந்துரும்டி, ரவிக்கை மாதிரி" என்றாள். அந்த வாரம் நான் இருந்த சந்தோஷத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அக்கா அங்கே மூச்சு வாங்கிக் கிடக்கிறாள், நான் கண்ணாடி முன்னால் நின்று என் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்த வகை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, இன்னொரு பரிசோதனை இருக்கிறது என்றார் டாக்டர். ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களின் மேல் சில அடையாளங்கள் இருக்கும். அவை தாய் தகப்பனிடமிருந்து வருகிறவை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அவை எவ்வளவு பொருந்துகின்றனவோ அந்த அளவுக்கு உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்கும். அம்மா, நான், தங்கச்சி மூன்று பேரும் ரத்தம் கொடுங்கள் என்றார்.

"தங்கச்சி எதுக்கு?" என்று அத்தானிடம் கேட்டேன். "அவளுக்கு ரெண்டு சின்னப் புள்ளைக. வீணா அலைய விடணுமா?"

"எல்லாரையும்தான சொல்லியிருக்கார்" என்றார் அத்தான்.

பகல் ரயிலில் ஐந்து பேரும் சென்னைக்குப் போனோம். தங்கச்சி டி. கல்லுப்பட்டியிலிருந்து விடியற்காலை முதல் பஸ் பிடித்து ரயிலடிக்கு வந்திருந்தாள். திண்டுக்கல் தாண்டியதும் பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தாள். உப்புப் போடாத இட்லி. அக்கா என்னென்ன சாப்பிடலாம், கூடாது என்று அத்தானுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்திருக்கிறாள். அக்கா இரண்டு இட்லி தின்றாள். அந்த மாதத்தில் அவள் ஒரே வேளையில் இரண்டு இட்லி தின்று நான் பார்த்ததில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். அத்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்ததாலும், ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொல்ல நான் இருந்ததாலும் என் பள்ளிக்கூட முகவரியைக் கொடுத்தோம்.

கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. மத்தியான இடைவேளையில் ஆசிரியைகள் அறையில் வைத்துப் பிரித்தேன். ஒரு கட்டம் போட்ட தாள். நாலு பேர் பெயருக்கு எதிரே எழுத்தும் எண்ணுமாக இருந்தது. கீழே நாலே வரி. அம்மா பாதி பொருந்துகிறாள், ஆனால் சர்க்கரை நோய் இருப்பதால் எடுக்க முடியாது. கொடுக்க வந்த சகோதரிகளில் மூத்தவருக்கு, அதாவது எனக்கு, பொதுவான அடையாளம் ஒன்றும் இல்லை. இளைய சகோதரி முழுமையாகப் பொருந்துகிறார். ரத்த வகை வேறாக இருந்தாலும் ஓ வகை என்பதால் தடையில்லை. நோயாளியையும் இளைய சகோதரியையும் கூடிய சீக்கிரம் அழைத்து வரவும்.

'ஒன்றும் இல்லை' என்பதைத்தான் மறுபடி மறுபடி படித்தேன். பாதிகூட இல்லை. வழியில் போகிற யாரோ ஒருத்தியை நிறுத்தி ரத்தம் எடுத்திருந்தாலும் இப்படித்தானே வந்திருக்கும் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பட்டாணிச் செடிப் பாடம் எடுக்கிறவள் நான். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தால் என்ன வரும் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுவேன். அன்றைக்கு என் கையில் இருந்த கட்டம் எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளப் பிடிக்கவில்லை என்பதுதான் சரி.

குழாய்களில் பெயர்ச் சீட்டு மாறிப் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். என் ரத்தத்தை அவள் பெயரிலும் அவள் ரத்தத்தை என் பெயரிலும் ஒட்டிவிட்டார்கள். இல்லாவிட்டால் என் முகத்தை அப்படியே உரித்து வைத்திருக்கும் அக்காவுக்கு நான் பொருந்தாமல், வேறு வீட்டில் வேறு சோறு தின்று வளர்ந்தவள் எப்படிப் பொருந்துவாள்? இதைக் கேட்டு எழுதி, பதில் வந்த பிறகு சொல்லலாம் என்று கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

அன்றைக்கு எழுதவில்லை. செவ்வாய்க்கிழமையும் எழுதவில்லை. அக்கா வீட்டுக்குப் போனால் "லெட்டர் வந்துச்சாடி?" என்று கேட்பாள். "வரும்" என்பேன். அவள் காலைப் பிடித்து விடும்போது கைப்பை என் மடியிலேயே இருக்கும். புதன்கிழமை அவள் தூக்கத்தில் கோணலாக மூச்சு விட்டதைப் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை. எனக்குள் வேறொரு மோசமான நினைப்பும் ஓடியது. அந்தக் கடிதத்தை நான் கொடுத்த நிமிஷமே தங்கச்சி அக்காவுக்கு எல்லாமும் ஆகிவிடுவாள், நான் பள்ளிக்கூடம் போய் வருகிற ஒருத்தியாகிவிடுவேன். இந்த ஒரு நினைப்பைத் தாண்டி என்னால் யோசிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்காவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார வைத்தே தூக்கிப் போய் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் அத்தான் சட்டை முழுக்க வேர்வையோடு நின்று, "இன்னுமா அந்த லெட்டர் வரல?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கெஞ்சினார்.

"இன்னைக்குத்தான் வந்துச்சு, அத்தான்" என்று சொல்லிக் கைப்பையைத் திறந்தேன்.

அவர் படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். "கடவுளே, முழுசாப் பொருந்துது" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்து, "நீ வருத்தப்படாத" என்றார். அந்த ஆறுதலை நான் வெறுத்தேன்.

அக்கா அன்றைக்குப் பிழைத்துக்கொண்டாள். தங்கச்சியிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்க என்னைத்தான் அனுப்பினார்கள். படித்தவள், எடுத்துச் சொல்லத் தெரிந்தவள் என்று.

திருமங்கலம் வழியாக டி. கல்லுப்பட்டிக்கு பஸ்ஸில் போனேன். இரண்டு பக்கமும் பருத்திக் காடு. தங்கச்சி வீட்டுக்காரர் அங்கே மாவு மில் வைத்திருந்தார். நான் போனபோது மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையிலேயே தும்மல் வந்துவிட்டது. புருவமெல்லாம் சிவப்புத் தூளோடு வந்து, "வாங்க மதினி" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார். நான் கடிதத்தைக் கவரோடு தங்கச்சி கையில் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பயமுறுத்துகிறதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொன்னேன். விலா எலும்புக்குக் கீழே இவ்வளவு நீளம் வெட்டுவார்கள், மூன்று மாசம் குடம் தூக்கக் கூடாது, மயக்க மருந்தில் ஆயிரத்தில் ஒருத்தருக்கு ஏதாவது ஆகலாம், மீதி இருக்கிற ஒன்றுக்கு ஏதாவது வந்தால் வேறு கிடையாது. ஒன்றும் பொய் இல்லை. ஆனால் சொன்ன விதம் எனக்குத் தெரியும்.

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "மதினி, தப்பா நெனைக்காதீக. இவளுக்கு ரெண்டும் சின்னதுக. எனக்கு யோசனையா இருக்கு."

"யோசிங்க தம்பி. ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். அவசரமில்லை என்று என் வாய் சொன்னது. முந்தின நாள்தான் அக்காவின் நீல உதட்டைப் பார்த்திருந்தேன்.

தங்கச்சி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் குடுக்குறேன்க்கா" என்றாள். வீட்டுக்காரரைப் பார்த்து, "எங்க அக்காவுக்கு நான் குடுப்பேன்" என்று இன்னொரு முறை சொன்னாள். அவர் எழுந்து மில்லுக்குள் போனார். பெல்ட் நின்றது. திரும்பி வந்து, "சரி" என்றார்.

'எங்க அக்கா.' பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் அந்த ஒரு சொல் என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

சென்னையில் இறுதிப் பரிசோதனைக்கு மறுபடி எல்லோரும் போனோம். இந்த முறை அக்காவின் வெள்ளை அணுக்களையும் தங்கச்சியின் வெள்ளை அணுக்களையும் ஒரே கிண்ணத்தில் ஆறு நாள் வைத்துப் பார்ப்பார்கள், ஒன்றை ஒன்று எதிர்க்கிறதா என்று. நான் பிடிவாதமாக என்னுடையதையும் வைக்கச் சொன்னேன். "பேர் மாறியிருக்கலாம். முதல்ல இருந்து எடுங்க" என்றேன். பரிசோதனைக் கூடத்துப் பெண் டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். மறுக்கவில்லை. எங்கள் எல்லோரிடமும் புதிதாக ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ஏழாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஐம்பது வயசிருக்கும். மேஜையில் குழந்தைகள் வைத்திருப்பதுபோல ஒரு டப்பா நிறையக் கலர் பென்சில்.

"பேர் மாறல. திரும்பவும் அதேதான் வந்திருக்கு. நீங்க டீச்சராமே? உக்காருங்க, காட்டறேன்" என்றார்.

சிவப்பும் நீலமுமாக இரண்டு பென்சிலை எடுத்து இடது பக்கம் வைத்தார். "இது உங்க அப்பா. இந்த அடையாளங்கள் ஒண்ணொண்ணாப் பிரிஞ்சு வராது. ஒரு கட்டாத்தான் வரும். அப்பாகிட்ட ரெண்டு கட்டு இருக்கு." பச்சையும் மஞ்சளுமாக இரண்டை வலது பக்கம் வைத்தார். "இது அம்மா. அவங்ககிட்டயும் ரெண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் அப்பா ஒரு கட்டு, அம்மா ஒரு கட்டு தருவாங்க. எது வரும்னு யாராலயும் சொல்ல முடியாது."

ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். அக்காவுக்குச் சிவப்பும் பச்சையும். தங்கச்சிக்கும் சிவப்பும் பச்சையும். எனக்கு நீலமும் மஞ்சளும்.

"கூடப் பிறந்தவங்கள்ல முழுசாப் பொருந்த நாலுல ஒரு வாய்ப்பு. ஒண்ணுமே பொருந்தாம இருக்கவும் நாலுல ஒரு வாய்ப்பு. மீதி ரெண்டு பங்கு, பாதி பொருந்தும். உங்களுக்கு அந்த ஒண்ணுமில்லாதது வந்திருக்கு, அவ்வளவுதான்."

"நாங்க ரெண்டு பேரும் ஒரே ஜாடை, டாக்டர். எல்லாரும் மாத்திக் கூப்பிடுவாங்க."

"மூக்கும் கண்ணும் வேற எடத்துலேருந்து வருது. ரத்த வகையும் வேற எடம். இது வேற எடம். முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது."

பல நாளாக உள்ளே கிடந்ததைக் கேட்டேன். "அப்ப நான் இந்த வீட்டுப் பொண்ணுதானா?"

அவர் சிரிக்கவில்லை. மஞ்சள் பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்தார். "உங்க அம்மா ரத்தத்துலயும் பார்த்தோம். அவங்ககிட்ட பச்சையும் மஞ்சளும் இருக்கு. பச்சை ரெண்டு பொண்ணுங்களுக்குப் போச்சு. மஞ்சள் உங்ககிட்ட வந்திருக்கு. அக்காவுக்கு அம்மா குடுக்காததை உங்களுக்குக் குடுத்திருக்காங்க. இதுல நல்லது கெட்டது ஒண்ணுமில்லை. யாரு யாரை எவ்வளவு விரும்பறாங்கன்னு பார்க்கற டெஸ்ட்டும் இது இல்லை."

"கிண்ணத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"தங்கச்சி அணுவும் அக்கா அணுவும் ஒண்ணை ஒண்ணு கண்டுக்கவே இல்லை. ஒரே ஆளுன்னு நினைச்சிருச்சு. உங்களோடது பயங்கரச் சண்டை." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். "அது உங்க சண்டை இல்லம்மா."

எனக்கு அப்போது எல்லாம் புரிந்தது. கட்டமும் புரிந்தது, நாலில் ஒன்றும் புரிந்தது. வகுப்பில் கேட்டிருந்தால் தெளிவாகவே விளக்கியிருப்பேன். பொறாமை மட்டும் ஒரு குன்றிமணியளவுகூடக் குறையவில்லை. யாரோ செய்த தவறு என்றிருந்தால் அவர்களைத் திட்டியிருக்கலாம். யாருமே செய்யாததை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மேஜையிலேயே சிறுநீர் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் அக்காவைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகத்து ஊதல் வடிந்து பழைய அக்காவாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, உதட்டசைவில் கேட்டாள், "தங்கச்சி எப்படியிருக்கா?"

நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

அக்காவைக் கவனிக்க அத்தானும் அம்மாவும் சென்னையிலேயே இருந்தார்கள். தையல் பிரித்த பிறகு தங்கச்சியை ஊருக்கு அழைத்துப் போய்ப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சித்திக்கு அப்போது முட்டி வலி, எழுந்து நடக்கவே முடியாது. கோடை விடுமுறை. நான் போனேன். அன்பினால் போனேன் என்று சொல்ல மாட்டேன். அக்காவிடம் நல்ல பெயர் வாங்கப் போனேன்.

ஒரு மாசம் அந்த வீட்டில் சமைத்தேன். பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன். மிளகாய் அரைக்கிற நாட்களில் ஜன்னலைச் சாத்தி ஈரத் துணி தொங்கவிட்டேன், தங்கச்சி தும்மினால் தையல் இழுக்குமே என்று. அவளுக்கு இடது விலாவிலிருந்து முன்பக்கம் வரை நீளமான காயம். தினமும் சுடுதண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுவேன். துடைக்கும்போதெல்லாம் இது எனக்கு வந்திருக்க வேண்டிய காயம் என்று தோன்றும். ஒருவர் உடம்புக் காயத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அதற்கு முன்னால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஒருநாள் மத்தியானம் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று கேட்டாள். "அக்கா, அந்த லெட்டரை எதுக்கு நாலு நாள் வச்சிருந்த?"

என் கை நின்றுவிட்டது.

"கவர்ல பசுமலை முத்திரையில திங்கக்கிழமைத் தேதி இருந்துச்சு. நீ வெள்ளிக்கிழமைதான் வந்துச்சுன்னு அத்தான்கிட்ட சொன்னியாம். மில்லுக்கு வர்ற தபாலையெல்லாம் நான்தான் தேதி பாத்து அடுக்குவேன். கண்ணு தானா அங்கதான் போகும்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்குப் பொருந்தலைன்னு இருந்துச்சு. ஒனக்குப் பொருந்துதுன்னு இருந்துச்சு. என்னால தாங்க முடியல" என்றேன். "அக்கா செத்திருந்தா நான்தான் கொன்னிருப்பேன்."

அவள் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"நீ அன்னைக்குப் பொருந்துதுன்னு சொன்னப்ப எனக்கு எம்புட்டு சந்தோஷம் தெரியுமா? அக்கா பொழைப்பாங்கறதுக்காக இல்ல. அதெல்லாம் அப்பறம்தான் வந்துச்சு. ஒனக்கு இல்லன்னு. அதுக்குத்தான் மொதல்ல சந்தோஷம்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சித்திரைத் திருவிழா முடிஞ்சு எங்கம்மா என்னையக் கூட்டிட்டு பஸ்ஸுல ஏறும். நீயும் அக்காவும் ஒரே மாதிரிப் பாவாடை கட்டிக்கிட்டு நின்னு கையாட்டுவீக. பஸ்ஸு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன். எங்கம்மா என்னையத் தங்கமாத்தான் வளத்துச்சு. ஆனா மூணு பேருல என்னைய மட்டும் ஏன் குடுத்தாகன்னு பெரியம்மாகிட்ட நான் இன்னும் கேக்கல. ஒன்னையக் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்திருக்கலாம்" என்றேன்.

"நான் ஒன்னைய எம்புட்டு வஞ்சிருக்கேன் தெரியுமா, மனசுக்குள்ள?"

"நானும்தான்" என்றேன். "நாலு நாளுகூட ஒனக்குக் குடுக்கப் பிடிக்காது எனக்கு. அக்கா தலை பின்னி விடுறதப் பாத்தா ஒன் ரிப்பன அத்து எறியணும்னு இருக்கும்."

"ஒரு தடவை அத்து எறிஞ்ச."

"ஆமா."

சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று விலாவைப் பிடித்துக்கொண்டாள். நானும் அந்த இடத்தில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். "அக்காகிட்ட சொல்லிராத" என்றேன்.

"எதை? நீ வச்சிருந்ததையா, நான் சந்தோஷப்பட்டதையா?"

"ரெண்டையும்தான்."

"சொல்ல மாட்டேன்" என்றாள். இன்றுவரை சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் எனக்கு இன்னொருத்தியோடு ஒரு விஷயம் இருந்தது அதுதான் முதல் தடவை.

அக்கா ஆறு மாசத்தில் வேலைக்குத் திரும்பினாள். எண்பதுகள் முடிகிற வரையில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. மாத்திரைகளால் கன்னம் கொஞ்சம் உப்பிவிட்டது, பழைய ஜாடை மாறிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டி. கல்லுப்பட்டிக்குப் போய்விடுவாள். தங்கச்சியின் மகள் காதணி விழாவுக்கு நாலு நாள் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு எரியத்தான் செய்தது. ஆனால் நானும் வாரம் தவறாமல் தங்கச்சிக்கு எழுத ஆரம்பித்திருந்தேன். உப்பு சேர்க்காதே, காய்ச்சல் வந்தால் கண்ட மாத்திரையையும் போடாதே, வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீர் சோதித்துப் பார் என்றெல்லாம். அவளும் பதில் எழுதுவாள். மில் கதை, மாமியார் கதை, பிள்ளைகளின் மார்க்கு, எல்லாம் இருக்கும். சில கடிதங்களை நான் வகுப்புக்கு நடுவே திருப்பிப் படித்ததுண்டு.

ஒரு ஐப்பசி மாசம் அவளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு போன் வந்தது. லீவு சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே பஸ் மாறிப் போய் இறங்கினேன். கையில் பிரெட்டும் சாத்துக்குடியும். உள்ளே போனால் அக்கா எனக்கு முன்னாலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். தங்கச்சியின் தலை அவள் மடியில்.

"நீ எதுக்குடி மழையில வந்த? அதான் நான் வந்துட்டேன்ல" என்றாள் அக்கா.

நான் பையைக் கீழே வைத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் தங்கச்சி மேல் இல்லை, அக்கா மேல். "நவுந்து உக்காரு" என்று சொல்லிக் கட்டிலின் இன்னொரு பக்கம் ஏறி உட்கார்ந்து தங்கச்சியின் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.